இருவர் ஓரணி

நுழையும்முன்

ஒருவர் தனித்து ஆடும் ஆட்டங்கள் உண்டு. பதினொருவர் கூடி ஆடும் ஆட்டங்களும் உண்டு. இருவர் மட்டுமே ஓரணியாக நிற்கும் ஆட்டம் டென்னிஸ் இரட்டையர் ஆட்டமாகும். ஆற்றல் மிக்க இருவர் அருகருகே நின்றால் மட்டும் அவர்கள் இணையாகிவிடுவார்களா? விம்பிள்டன் மகளிர் இரட்டையர் போட்டியின் வழியாக இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

புல்வெளிப் போட்டி

இங்கிலாந்து நாட்டின் தலைநகராகிய இலண்டனின் தென்மேற்குப் பகுதியில் விம்பிள்டன் அமைந்துள்ளது. 1877ஆம் ஆண்டு அங்கே டென்னிஸ் போட்டி முதன்முதலாக நடைபெற்றது. உலகின் மிகப் பழைமையான டென்னிஸ் போட்டி இதுவேயாகும். முதலாண்டில் ஆடவர் ஒற்றையர் பிரிவு மட்டுமே இருந்தது. 1884ஆம் ஆண்டு ஆடவர் இரட்டையர் பிரிவும் மகளிர் ஒற்றையர் பிரிவும் சேர்க்கப்பட்டன. மகளிர் இரட்டையர் பிரிவோ அதற்குப்பின் 29 ஆண்டுகள் கழித்து, 1913ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது.

ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய நான்கும் கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் எனப்படும். அவற்றுள் இன்றும் புல்தரையில் நடைபெறுவது விம்பிள்டன் மட்டுமே. அங்கு மகளிர் இரட்டையர் பிரிவில் 64 இணைகள் களம் காணும். தோற்கும் இணை உடனே வெளியேற வேண்டும். ஆகவே, பட்டம் வெல்ல விரும்பும் இணை தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் வெற்றிபெற வேண்டும்.

பரிசுத் தொகையிலும் பார்வையாளர் கூட்டத்திலும் ஒற்றையர் பிரிவே முந்தி நிற்கும். இதனால் இரட்டையர் ஆட்டத்தை எளிய ஆட்டம் என்று கருதுவோர் உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் உழைக்க வேண்டியவர் ஒருவர். இரட்டையர் ஆட்டத்தில் அவ்வுழைப்பை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர் என்பது அவர்களின் எண்ணம். இக்கருத்து எவ்வளவு சரியானது என்பதை ஆடுகளத்தின் அளவுகளே காட்டும்.

ஆடுகளமும் விதிகளும்

டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்தில் அதன் அகலம் 27 அடி; இரட்டையர் ஆட்டத்தில் 36 அடி. ஆடுவோர் எண்ணிக்கை இருமடங்காகிறது. களத்தின் அகலமோ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. எனவே களத்தில் வெற்றிடம் குறைகிறது. பந்தை எதிரிக்கு எட்டாதவாறு அடிப்பது அரிதாகிறது. வலைக்கு அருகில் நிற்பவர் பந்தைத் தரையில் படவிடாமலேயே திருப்பி அடிப்பார். அதனால் பந்து மிக விரைந்து வரும். முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் குறையும்.

இருவருக்கும் நடுவே வரும் பந்துதான் இரட்டையர் ஆட்டத்தின் பெருஞ்சிக்கல். ஒற்றையர் ஆட்டத்தில் எந்தப் பந்து யாருடையது என்னும் கேள்விக்கே இடமில்லை. இரட்டையர் ஆட்டத்திலோ நடுவே வரும் பந்தை இருவரும் அடிக்க முயன்றால் மட்டைகள் மோதிக்கொள்ளும். மற்றவர் அடிப்பார் என்று இருவரும் நின்றுவிட்டால் பந்து இடைவெளியில் கடந்து போய்விடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிரணியின் நடுவே பந்தை அடிக்க விரும்புவதற்கு இதுவே காரணம்.

புள்ளிகளை எண்ணும் முறை இரு பிரிவிற்கும் பொதுவானது. 15, 30, 40 என்று ஏறி, அடுத்த புள்ளியையும் பெறுபவர் ஒரு கேம் வெல்வார். இரு தரப்பும் 40இல் சமநிலை அடைந்தால், அதன்பின் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் பெற்றாக வேண்டும். குறைந்தது இரண்டு கேம்கள் முன்னிலையோடு ஆறு கேம்கள் பெறுவோர் ஒரு செட்டை வெல்வர். 6–6 என்று சமநிலை ஏற்பட்டால் டைபிரேக் என்னும் சிறப்பு ஆட்டம் செட்டின் முடிவைத் தீர்மானிக்கும். மூன்று செட்டுகளில் இரண்டை வெல்லும் இணைக்கே ஆட்டத்தின் வெற்றி.

பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதைச் சர்வ் செய்தல் என்பர். இரட்டையர் ஆட்டத்தில் நால்வரும் முறைவைத்து ஒவ்வொரு கேமிலும் ஒருவராகச் சர்வ் செய்ய வேண்டும். ஒருவர் நன்றாகச் சர்வ் செய்கிறார் என்பதற்காக அவரே எப்பொழுதும் செய்ய இயலாது. அவ்வாறே, சர்வை எதிர்கொள்ளும் இணையில் ஒருவர் வலப்பக்கத்திலும் மற்றவர் இடப்பக்கத்திலும் நின்று மாறி மாறி எதிர்கொள்வர். ஒரு செட் முடியும்வரை இந்தப் பக்கங்களை மாற்றிக்கொள்ளக் கூடாது. இவ்விதிகளால் இணையில் யாரும் மற்றவரின் பின்னால் மறைந்துகொள்ள முடியாது. பந்து எப்படியும் இருவரையும் தேடி வரும்.

பேசாமல் பேசும் மொழி

இரட்டையர் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் ஒரு காட்சியைக் காணலாம். சர்வ் செய்பவரின் துணை வலையருகே குனிந்து நின்று, ஒரு கையை முதுகின் பின்னே வைத்து விரல்களால் குறிப்புக் காட்டுவார். அக்குறிப்பை எதிரணியினர் காண இயலாது. பின்னால் நிற்கும் துணைவரே காண்பார். சர்வ் எத்திசையில் செல்ல வேண்டும், தாம் இருக்குமிடத்திலேயே நிற்கப் போகிறாரா, குறுக்கே பாயப் போகிறாரா என்பவற்றை அக்குறிப்பு உணர்த்தும்.

வலையருகே நிற்பவர் குறுக்கே பாய்ந்து பந்தைத் தடுத்தால் புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு. ஆயினும், அவர் நகர்ந்த நொடியில் அவர் நின்ற இடம் வெறுமையாகிவிடும். அவ்விடத்தை நிரப்பத் துணைவர் உடனே ஓட வேண்டும். துணைவர் ஓடிவருவார் என்னும் நம்பிக்கை இல்லாதவர் குறுக்கே பாயத் துணியமாட்டார். எனவே, துணிவாகத் தோன்றும் அப்பாய்ச்சலின் அடியில் இருப்பது மற்றொருவர் மீது கொண்ட நம்பிக்கையேயாகும்.

தமிழில் 'இணை' என்னும் சொல்லுக்குச் சோடி என்றும் ஒப்பு என்றும் இரு பொருள்கள் உண்டு. 'இணைபிரியாத நண்பர்கள்' என்னும்போது ஒரு பொருளும், 'இணையற்ற வீரர்' என்னும்போது மற்றொரு பொருளும் தோன்றும். இரட்டையர் ஆட்டத்திற்கு இரண்டும் பொருந்தும். சோடியாக நிற்கும் இருவரில் ஒருவரை மற்றவர் தமக்கு ஒப்பானவராகக் கருதும்போதே அவர்கள் உண்மையான இணையாகின்றனர்.

துணை கிடைக்காத இருவர்

விம்பிள்டன் மகளிர் இரட்டையர் வரலாற்றில் 1956ஆம் ஆண்டு நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு பட்டம் வென்றவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்தியா கிப்சனும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஏஞ்சலா பக்ஸ்டனும் ஆவர். கிப்சன் கறுப்பினத்தவர். அந்நாளில் அமெரிக்காவின் பெரிய டென்னிஸ் போட்டிகள் வெள்ளையர்க்கே உரியனவாக இருந்தன. அந்நாட்டுத் தேசியப் போட்டியில் 1950ஆம் ஆண்டு ஆடிய கிப்சனே அங்கு அனுமதி பெற்ற முதல் கறுப்பினத்தவர். பக்ஸ்டன் யூதர், தம் சமயத்தின் காரணமாக அவரும் புறக்கணிப்பைச் சந்தித்தவர். திறமையில் குறைவில்லாத அவ்விருவருக்கும் இணைந்து ஆடத் துணை எளிதில் கிடைக்கவில்லை. பிறர் ஒதுக்கிய இருவர் தமக்குள் இணைந்தனர். அவ்வாண்டு பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றனர்.

அந்த இணைப்பு ஆடுகளத்தோடு முடிந்துவிடவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் கிப்சன் நோயாலும் வறுமையாலும் வாடினார். 1957, 1958ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தையும் வென்ற அவர், வாழ வழியின்றித் தம் பழைய துணைவரைத் தொலைபேசியில் அழைத்தார். பக்ஸ்டன் உடனே உதவியதோடு, டென்னிஸ் உலகிற்கும் செய்தியைத் தெரிவித்தார். பல நாடுகளிலிருந்து நிதி வந்து சேர்ந்தது.

ஐதராபாத்திலிருந்து ஒரு பயணம்

இந்தியப் பெண்கள் கிராண்ட்ஸ்லாம் களங்களில் காலூன்ற நெடுங்காலம் ஆயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்றார். தொழில்முறை டென்னிஸ் காலத்தில் அவ்வெற்றியைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவருக்குப்பின் அவ்வழியில் நெடுந்தூரம் சென்றவர் சானியா மிர்சா.

1986ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த சானியா ஐதராபாத்தில் வளர்ந்தார். சிறு வயதிலேயே மட்டையைக் கையிலெடுத்தார். 2003ஆம் ஆண்டு விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை உருசியாவின் அலீசா கிளேபனோவாவுடன் இணைந்து வென்றார். ஒற்றையர் ஆட்டத்திலும் சிறந்து, 2007ஆம் ஆண்டு உலகத் தரவரிசையில் 27ஆம் இடத்தை எட்டினார். அவருடைய வலக்கை வீச்சு எதிரிகளை அஞ்சவைத்தது.

ஆனால் அவ்வீச்சைத் தாங்கிய உடல் தளர்ந்தது. மணிக்கட்டிலும் முழங்கால்களிலும் காயங்கள் ஏற்பட்டன. அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. ஒற்றையர் ஆட்டம் கேட்கும் ஓயாத ஓட்டத்தை உடல் இனித் தாங்காது என்னும் நிலையில், 2013ஆம் ஆண்டு அவர் ஒற்றையர் ஆட்டத்தைக் கைவிட்டார். இரட்டையர் ஆட்டமே தம் களம் என்று முடிவுசெய்தார். 2009, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் ஆடவரோடு இணைந்து ஆடும் கலப்பு இரட்டையரில் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. மகளிர் இரட்டையர் பட்டமோ கைக்கு எட்டவில்லை. 2011ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் இறுதிவரை சென்று தோற்றார். அன்று அவருக்குத் துணையாக ஆடியவர் உருசியாவின் எலினா வெஸ்னினா.

ஓர் இணை உருவாகிறது

2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சானியா சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிசுடன் இணைந்தார். ஹிங்கிஸ் 1996ஆம் ஆண்டில், 15 வயதிலேயே விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டம் வென்றவர். 16 வயதில் ஒற்றையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தவர். காயங்களால் 22 வயதில் ஓய்வுபெற்று, பிறகு மீண்டு வந்தவர்.

இருவரின் ஆட்டமும் வெவ்வேறு வகையானது. சானியாவின் ஆற்றல் ஆடுகளத்தின் பின்கோட்டிலிருந்து வரும் வலிய வலக்கை வீச்சு. ஹிங்கிசின் ஆற்றல் வலையருகே காட்டும் நுட்பம். பந்து எங்கே வரும் என்பதை முன்பே உணர்ந்து அங்கே நிற்கும் அறிவு. ஒருவரின் வலிய அடி எதிரியைத் தடுமாறச் செய்யும். தடுமாற்றத்தில் எழும் பந்தை மற்றவர் வலையருகே முடித்துவைப்பார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

அவர்கள் இணைந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும் பட்டம் வென்றனர். ஏப்ரல் மாதத்தில் சானியா இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தார். இந்தியப் பெண் ஒருவர் அவ்விடத்தை எட்டியது அதுவே முதன்முறை.

2–5 என்னும் நிலையில்

2015ஆம் ஆண்டு சூலை மாதம் 11ஆம் நாள் விம்பிள்டன் மையக் களத்தில் மகளிர் இரட்டையர் இறுதியாட்டம் நடைபெற்றது. அதுவரை ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் சானியா–ஹிங்கிஸ் இணை ஒரு செட்டையும் இழக்கவில்லை. அவர்களை எதிர்த்து நின்றவர்கள் உருசியாவின் எகத்தரீனா மகரோவாவும் எலினா வெஸ்னினாவும். வெஸ்னினா சானியாவின் முன்னாள் துணைவர். அவருடைய ஆட்டத்தின் நிறைகுறைகளை நன்கறிந்தவர். மகரோவா–வெஸ்னினா இணையே முந்தைய ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியில் ஹிங்கிசையும் அவருடைய அன்றைய துணைவரையும் வென்றிருந்தது.

முதல் செட்டை உருசிய இணை 7–5 என்று கைப்பற்றியது. இரண்டாம் செட்டு 6–6 வரை சென்றது. டைபிரேக்கில் சானியா–ஹிங்கிஸ் இணை 7–4 என்று வென்றது. மூன்றாம் செட்டில் உருசிய இணை 5–2 என்று முன்னேறியது. இன்னும் ஒரே ஒரு கேம் வென்றால் பட்டம் அவர்களுடையது.

அந்நிலையிலிருந்து சானியாவும் ஹிங்கிசும் அடுத்தடுத்து மூன்று கேம்களை வென்று 5–5 என்று சமன்செய்தனர். அப்போது மாலை வெளிச்சம் மங்கியிருந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது, மையக் களத்தின் நகரும் மேற்கூரை மூடப்பட்டது, விளக்குகள் ஏற்றப்பட்டன. அந்நாளில் விம்பிள்டனின் கடைசிச் செட்டில் டைபிரேக் கிடையாது. இரண்டு கேம்கள் முன்னிலை பெறும்வரை ஆடியாக வேண்டும். ஆட்டம் மீண்டும் தொடங்கியபின் அவர்கள் மேலும் இரண்டு கேம்களை வென்றனர். 5–7, 7–6, 7–5 என்னும் கணக்கில் பட்டம் அவர்களைச் சேர்ந்தது. மகளிர் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைச் சானியா பெற்றார். ஹிங்கிசுக்கோ அது 17 ஆண்டுகளுக்குப் பின் அதே களத்தில் கிடைத்த இரட்டையர் பட்டம்.

2–5 என்பதிலிருந்து 7–5 என்பதை அடையத் தொடர்ந்து ஐந்து கேம்களை வெல்ல வேண்டும். நால்வரும் முறைவைத்துச் சர்வ் செய்வதால், ஐந்து கேம்களுக்குள் ஒவ்வொருவரும் குறைந்தது ஒருமுறையாவது சர்வ் செய்திருப்பர். ஆகவே, அந்த ஐந்து கேம்களில் சானியா தம் சர்வைக் காத்தாக வேண்டும். ஹிங்கிசும் தம் சர்வைக் காத்தாக வேண்டும். மகரோவா, வெஸ்னினா இருவரின் சர்வையும் முறியடித்தாக வேண்டும். இவற்றுள் எது தவறியிருந்தாலும், ஐந்து கேம்களைத் தொடர்ந்து வென்றிருக்க இயலாது. ஒருவர் மட்டும் மிகச் சிறப்பாக ஆடி அவ்வெற்றியைப் பெற்றிருக்க முடியாது என்பதை விதிகளே உறுதிசெய்கின்றன. இரட்டையர் ஆட்டம் உழைப்பைப் பாதியாக்குவதன்று. பொறுப்பை இருவர் மீதும் முழுமையாக வைப்பது என்பது இதனால் விளங்கும்.

மறுநாள் விம்பிள்டனில் மேலும் இரண்டு இரட்டையர் பட்டங்களில் இந்தியர் பங்கு பெற்றனர். லியாண்டர் பயஸ் அதே ஹிங்கிசுடன் இணைந்து கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். சுமித் நாகல் வியட்நாம் வீரர் ஒருவருடன் இணைந்து சிறுவர் இரட்டையர் பட்டத்தை வென்றார்.

இணைதலும் பிரிதலும்

சானியா–ஹிங்கிஸ் இணை அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும், 2016ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டத்தையும் வென்றது. தொடர்ந்து 41 ஆட்டங்களில் அவர்கள் தோல்வியே காணவில்லை. பின்னர் வெற்றிகள் குறைந்தன. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இருவரும் பிரிந்து, வெவ்வேறு துணைவரோடு ஆட முடிவுசெய்தனர்.

பிரிந்த சில நாள்களிலேயே சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில் அவர்கள் எதிரெதிராக நின்றனர். சானியாவின் இணையே வென்றது. ஆயினும், ஆண்டின் சிறந்த இணைகள் மோதும் சிங்கப்பூர்ப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது அவர்களின் பழைய இணையே. அக்டோபர் மாதம் அவர்கள் மீண்டும் ஒன்றாக அங்குக் களமிறங்கினர். இரு மாதங்களுக்கு முன் வலையின் இருபுறமும் நின்றவர்கள், வலையின் ஒரே பக்கத்தில் நின்று, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்ப ஓடினர்.

அருஞ்சொற்பொருள்

ஒப்பு – சமம், நிகர்
புறக்கணிப்பு – ஒதுக்கிவைத்தல்
முறைவைத்து – ஒருவர்பின் ஒருவராக
நிறைகுறை – வலிமையும் குறைபாடும்
முறியடித்தல் – தோல்வியுறச் செய்தல்

பயிற்சி

1. விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பிரிவு எந்த ஆண்டு சேர்க்கப்பட்டது?
2. தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிரணியின் நடுவே பந்தை அடிக்க விரும்புவது ஏன்?
3. குறுக்கே பாய்பவர் தம் துணைவரை நம்ப வேண்டியது ஏன் என்பதை உம் சொற்களில் எழுதுக.
4. கிப்சனும் பக்ஸ்டனும் இணைந்ததற்கான காரணத்தை விளக்குக.
5. 'இணை' என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
6. ஐந்து கேம்களை ஒருவர் மட்டுமே ஆடி வென்றிருக்க முடியாது என்பதைப் பாடம் எவ்வாறு நிறுவுகிறது?
7. இருவர் சேர்ந்தால் மட்டுமே முடியும் வேலை ஒன்றை உம் வீட்டிலோ பள்ளியிலோ கண்டு, அது நடைபெறும் முறையை ஒரு பத்தியில் எழுதுக.